சேற்றுவழி ஈருருளி ஓட்டம்

றோசலின் செத்து மூன்றாம் மாதம் தேயிலைத் தோட்டத்து ஆபீசிலிருந்து ஆள் வந்து சொன்னான்: அஞ்சாம் லயத்துக் கடைசிக் காம்பிராவைக் காலி செய்ய வேண்டும். லயத்து வரிசைவீட்டில் ஓர் அறைதான் காம்பிரா; அது தோட்டத்தில் பேர் பதிந்தவர்களுக்குத்தான். றோசலின் பேர் பதிந்து கொழுந்தெடுத்தவள். அவள் மண்ணுக்குள் போனதும் பேரும் கூடவே போய்விட்டது. மகன் றொக்சன் அதே தோட்டத்தில் மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டுகிறான், புல்லுக்கு மருந்தடிக்கிறான், எல்லாம் அன்றாடக் கைக்காசுக்கு. கைக்காசுக்காரனுக்கு வேலை உண்டு, பேர் கிடையாது. தங்கச்சி நிரோஜினி ஏ.எல். படிக்கிறாள். அவளுடைய பேர் பள்ளிக்கூடத்தில் மட்டும் இருந்தது.

"சரிங்க" என்றான் றொக்சன்.

அம்மா போனதிலிருந்து அவன் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொன்னான். அடக்கத்தன்று, "அழுதுருய்யா, மனசுல வைக்காத" என்று பொம்பளைகள் சொன்னபோதும் சரிங்க என்றான். அழவில்லை. அழக்கூடாது என்றில்லை, வரவில்லை.

அந்த வாரந்தான் தோட்டத்து மனேஜர் துரை பெல்ஜியத்திலிருந்து திரும்பினார். தேயிலை விற்றுவரச் சொல்லிக் கொம்பனி அனுப்பியிருந்தது. அவர் அங்கே சைக்கிள் பந்தயம் பார்த்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிப்பதற்கு முன்னால், பெரிய கிளாக்கர் துரைராசா ஒரு பெட்டிமேல் ஏறி நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர். 'நாளை விடுமுறை' என்று சொல்வதற்கே முன்னுரை வைக்கிற மனிதர்.

"தொழிலாளப் பெருமக்களே! ஐரோப்பாக் கண்டத்திலை சைக்கிளோகுறோஸ் எண்டொரு வீர விளையாட்டு இருக்கு. அதை நான் தமிழிலை 'சேற்றுவழி ஈருருளி ஓட்டம்' எண்டு பெயர்த்திருக்கிறன். சேறு, மேடு, பள்ளம் எல்லாத்தையும் கடந்து ஓட வேணும். ஓட ஏலாத இடத்திலை சைக்கிளைத் தோளிலை தூக்கிக்கொண்டு ஏற வேணும்."

கூட்டத்திலிருந்து மீனம்மா கேட்டாள்: "ஏங்கய்யா, அதத்தான நாங்க தெனமும் செய்றோம்? ரோட்டப் போட்டுக் குடுங்கன்னு கேட்டா, அதுக்கு ஒரு பேரு வச்சிட்டு வந்திருக்கீங்க!"

சிரிப்பு அடங்கும்வரை துரைராசா வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பரிசைச் சொன்னார். முதலாவதாக வருகிறவருக்குத் தோட்டத்தில் பேர் பதியப்படும். இஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், நிரந்தர வேலை.

யாரும் சிரிக்கவில்லை.

துரையும் தன் தோட்டத் தமிழில் இரண்டு வார்த்தை பேசினார். "ரேஸ்ல துரை இல்ல, கூலி இல்ல. எல்லாம் ஒண்ணு. வெளங்குதா?" துரை பேசி முடித்தால் கைதட்ட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். இதற்கும் தட்டலாமா என்று கணக்கப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டினார்கள்.

றொக்சனிடம் ஒரு மவுண்டன் சைக்கிள் இருந்தது. லயத்துக்குக் கக்கூஸ் கட்டித்தர வந்த நிறுவனத்து வெள்ளைக்காரர் போகும்போது விட்டுவிட்டுப் போனது. கக்கூஸ் பாதியில் நின்றுவிட்டது. முழுசாகக் கிடைத்தது சைக்கிள்தான்.

"அண்ணே, நீ ஓடுற" என்றாள் நிரோஜினி.

"சரி."

"இந்த ஒத்தச் சொல்ல வச்சுக்கிட்டே காலத்த ஓட்டிருவ போல. சைக்கிளப் போய்ப் பாரு. எரும மாதிரி நிக்கிது. இதத் தூக்கிட்டு மலை ஏறுவியா?"

உண்மையிலேயே எருமைதான். முன்பக்கம் ஸ்பிரிங் வைத்த இரட்டைக்கால் ஃபோர்க், கட்டைவிரல் அகலப் பட்டன் வைத்த டயர், ஸ்டாண்டு, கெரியர், பின்னால் ஒரு கூடை. அதைத் தள்ளிக்கொண்டு அக்கரப்பத்தனைக் கடைவீதிக்குப் போனான். அங்கே 'பழனியாண்டி இஞ்சினியரிங் வேர்க்ஸ்' இருந்தது. இஞ்சினியரிங் என்பது பஞ்சர் ஒட்டுவது. வேர்க்ஸ் என்பது பழனியாண்டி.

துரைராசா கொடுத்துவிட்டிருந்த பந்தய சைக்கிள் படத்தைப் பழனியாண்டி தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கெடா ஆட்டுக் கொம்பு மாதிரில்ல வளஞ்சிருக்கு ஹேண்டில்! சரி தம்பி, இது சிம்பிள் டிசைன். நான் மனசுல எப்பவோ போட்டு வச்சதுதான்."

மனசில் போட்டு வைத்தது வெளியே வர ஒரு வாரம் பிடித்தது. கெரியரும் கூடையும் ஸ்டாண்டும் கழன்றன. ஸ்பிரிங் ஃபோர்க்கை எடுத்துவிட்டு, ஒரு பழைய லேடீஸ் சைக்கிளின் ஃபோர்க்கை அறுத்து அளவாக்கி மாட்டினார். ஹட்டன் பழைய இரும்புக் கடையிலிருந்து கொம்பு ஹேண்டில் வந்தது. அகல டயரைக் கழற்றி ஒடுக்கமானதைப் போட்டார்கள். முன் செயின் சக்கரம் மூன்றில் இரண்டைக் கழற்றி வீசினார்கள். சைக்கிள் பாதியாக இளைத்தது. றொக்சன் தோளில் வைத்துப் பார்த்தான். தூக்க முடிந்தது.

பிரேக்தான் சரிவரவில்லை. கொம்பு ஹேண்டிலின் பிடி இழுக்கிற கம்பித் தூரம் அந்தப் பிரேக்குக்குப் போதவில்லை. கட்டை ரிம்மைத் தடவிக் கொடுத்ததே தவிரப் பிடிக்கவில்லை.

"அண்ணே, பிரேக் நிக்க மாட்டேங்குதே."

"ரேஸ்ல நிக்கிறதுக்கா போற?" என்றார் இஞ்சினியர்.

பந்தயத்தன்று விடியலிலிருந்தே மழை தூறியது. இது மலைக்கு வழமை; துரைராசா மட்டும் அதை "இயற்கையின் ஒத்துழைப்பு" என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். பதினைந்து பையன்கள் வரிசையில் நின்றார்கள். பதினாறாவதாகத் துரையின் அக்கா மகன். கொழும்பிலிருந்து வந்தவன். அவனுடைய சைக்கிள் வெளிநாட்டு அட்டைப்பெட்டியில் வந்து, முதல்நாள்தான் பிரிக்கப்பட்டிருந்தது.

விசில் ஊதியது. இஸ்டோரிலிருந்து இறக்கம். கானைத் தாண்டிப் பலகைத் தடை. பிறகு தேயிலைக்குள் செங்குத்தாக ஏற்றம், அங்கே எல்லோரும் சைக்கிளைத் தோளில் போட்டார்கள். கொழும்புப் பையன் முதல் கானுக்குள்ளேயே விழுந்தான். றொக்சன் ஏறினான். மூச்சு வாங்கியது, தோள் கடுத்தது, முழங்கால் செடியில் கிழிந்தது. எதுவும் தன்னுடையதாகத் தெரியவில்லை. கால் பழகிய கால். மலையும் பழகிய மலை. கடைசியான இரண்டாம் சுற்றில் அவனுக்கு முன்னால் யாரும் இல்லை. பின்னால் அழகன், அவனுக்குப் பின்னால் மற்றவர்கள்.

கடைசி வளைவில் திரும்பினான். சுண்ணாம்புக் கோடு தெரிந்தது. கோட்டுக்குப் பக்கத்தில், வெள்ளைக் காற்சட்டையில், கையில் கடிகாரத்தோடு, முதல் சுற்றில் அங்கே இல்லாத துரை இப்போது நின்றுகொண்டிருந்தார்.

றொக்சன் இறங்கினான்.

துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும். ஓரமாக நின்று, அவர் போன பிறகு ஏற வேண்டும். எந்தச் சட்டத்திலும் இல்லை. நடக்கப் பழகும்போதே பழகுவது. றொக்சன் எதையும் யோசிக்கவில்லை. செருப்புக்காலைச் சேற்றில் ஊன்றி ஹேண்டிலை இழுத்துப் பிடித்து, ஓரப் புல்லில் ஒதுங்கித் தலை குனிந்து நின்றான். பின்னால் வந்த அழகன் அதைப் பார்த்து இறங்கினான். அடுத்தவனும். பதினைந்து சைக்கிளும் வரிசையாக நின்றன.

"ஏய்! ஓட்டு! ஓட்டு!" என்று துரை கத்தினார். துரை கத்தினால் இன்னும் விறைப்பாக நிற்க வேண்டும். நின்றார்கள்.

"அண்ணே, ஏறுண்ணே! அஞ்சடிதாண்ணே!" நிரோஜினியின் குரல் வேலிக்கு அப்பாலிருந்து கேட்டது. றொக்சனுக்கும் கேட்டது. ஏறவேண்டும் என்று தெரிந்தது. கால் வரவில்லை. துரை போனால் அவர்கள் ஏறுவார்கள். அவர்கள் வந்தால்தான் துரை போவார்.

கொழும்புப் பையன் உச்சந்தலைவரை சேற்றோடு வளைவில் வந்தான். நிற்கிறவர்களை வியப்பாகப் பார்த்தான். மாமாவுக்குக் கை காட்டிவிட்டுக் கோட்டைத் தாண்டினான்.

"விதி எண்டால் விதிதான்" என்றார் துரைராசா. அறிவித்த பரிசை மாற்றினால் நிர்வாகத்தின் மானம் போய்விடும். அக்கா மகன் பேர் இஸ்டோரில் பதியப்பட்டது. பேர் பதிந்தால் காம்பிரா. காலியாகப் போவது அஞ்சாம் லயத்துக் கடைசிக் காம்பிரா ஒன்றுதான். அவன் அன்று பின்னேரமே கொழும்புக்குப் போய்விட்டான்.

அடுத்த நாள் துரைராசா தாமே லயத்துக்கு வந்தார். நிரோஜினி சட்டிபானைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, உந்தச் சாக்கை அவிழும். காம்பிரா உரிமையாளர் வாறவரைக்கும் ஆரும் இருந்தால்தானே கூரை ஒழுகினால் தெரியும்? நீங்கள் இருங்கோ. சுவருக்குச் சுண்ணாம்பு அடிச்சு வையுங்கோ. வந்தால் அவர் முகம் சுளிக்கக் கூடாது."

"அவரு வருவாருங்களா?"

"வரமாட்டார். எண்டாலும் அடியுங்கோ."

"வந்துட்டாருன்னா நாங்க எங்கங்க போறது?"

துரைராசா கொண்டுவந்த கறுப்புப் பெயிண்டில் தூரிகையை முக்கி, கதவுக்குப் பக்கத்தில் அந்தப் பையனின் பேரை எழுதத் தொடங்கினார். டின்னை வைக்க மேசை இல்லாததால் றொக்சன் பிடித்துக்கொண்டு நின்றான். பெயிண்ட் அவன் புறங்கையில் சொட்டி, விரலிடுக்கில் இறங்கியது.

"அண்ணே, கைல ஊத்துது பாரு" என்றாள் நிரோஜினி.

அவன் பார்த்தான்; பார்த்துவிட்டு டின்னை இன்னும் நேராகப் பிடித்தான்.