ஆத்தும சோதனையும் ஆட்டுக்கிடையும்

இந்தக் காலத்தில் எவனுக்கும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியவில்லை என்பது இன்னாசியின் தீராத எரிச்சல். வயிறு சரியில்லை என்றால் டீக்கடையில் சொல்கிறான். பெண்டாட்டியோடு சண்டை என்றால் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவனிடம் சொல்கிறான். அவர் வயசுக் காலத்தில் மனுஷன் தப்புச் செய்தால் வருஷத்துக்கு ஒரு தரம், பாஸ்காத் திருநாளுக்கு முன்னால், சாமியார் காதில் மட்டும் சொல்வான். சாமியார் சொன்ன மந்திரத்தை முட்டிபோட்டு மூன்று தரம் சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவான். இப்போது அது போதாதாம். தினமும் சொல்ல வேண்டுமாம். அதுவும் வீட்டில், மருமகள் முன்னால்.

எல்லாம் பங்குக்குப் புதிதாக வந்த சின்னச் சாமியார் செய்த வேலை. பூசையைத் திருப்பலி என்றார், பாவசங்கீர்த்தனத்தை ஒப்புரவு என்றார். அதையெல்லாம் இன்னாசி பொறுத்துக்கொண்டார். தவக்காலம் பிறந்ததும் வீட்டுக்கு ஓர் அட்டை கொடுத்தார் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை. அட்டையில் ஐந்து வரி. அந்தியில் கோவில் மணி அடித்ததும் குடும்பமாக உட்கார்ந்து, அன்றைய நாளுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆண்டவரிடம் வெளிச்சம் கேட்க வேண்டும். காலையிலிருந்து நடந்ததை ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்க்க வேண்டும். தப்புக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். நாளைக்கு எப்படி என்று தீர்மானிக்க வேண்டும். ஆத்தும சோதனை என்று பேர்.

"உங்க பேர் உள்ள புனிதர்தான் பெரியவரே இதைச் சொல்லிக் கொடுத்தவர்" என்றார் சாமியார்.

"அவருக்குக் காடுகரை இருந்துச்சா சாமி?"

"இல்லையே."

"அதான்" என்றார் இன்னாசி.

மருமகள் அமலி அட்டையைத் திரு இருதயப் படத்துக்குக் கீழே ஆணியடித்து மாட்டிவிட்டாள். முதல் வாரமே வீடு இரண்டுபட்டது. "இன்னைக்கு அத்தை குழம்பைக் குறை சொன்னப்ப எனக்குக் கோபம் வந்துச்சு, அதுக்கு மன்னிப்புக் கேக்குதேன்" என்று அமலி கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். மாமியார்க் கிழவி சூசையம்மா கண்ணைத் திறந்து, "நான் குறை சொன்னது நெசந்தான். உப்புப் போடாதது யாரு? அதையும் ஆண்டவருகிட்டச் சொல்லு" என்பாள். அதற்கு அமலி ஒன்று சொல்ல, சூசையம்மா ஒன்று சொல்ல, கடைசி வரிக்கு வருவதற்குள் அடுப்பில் சோறு குழைந்துவிடும். மகன் சவரி தீப்பெட்டி ஆபீசில் பகலெல்லாம் நின்றுவிட்டு வருகிறவன். ஐந்து நிமிஷம் மௌனம் என்றதும் சுவரில் சாய்ந்து உறங்கிவிடுவான். அந்த வீட்டில் அட்டையால் பலன் கண்டவன் அவன் ஒருவன்தான்.

இன்னாசி தன் முறை வந்தால் ஒரே பாட்டுத்தான் பாடுவார். "எந்திரிச்சேன். காட்டுக்குப் போனேன். வந்தேன். உங்களைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"எங்கன சந்தோஷப்பட்டீங்க, எங்கன மனசு கோணுச்சுன்னு சொல்லணும் மாமா."

"எனக்கு மனசு கோணுதது இங்கனதான்."

இப்படியே மூன்று வாரம் ஓடியிருக்கும். அப்போதுதான் கிடை வந்தது.

வெள்ளாமை எடுத்த கரிசல் காட்டில் ராத்திரி ஆடுகளை வலை கட்டி அடைத்துப் போடுவதைக் கிடை என்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கினால், புரட்டாசியில் விதைக்கும்போது வேறு உரம் தேடி அலைய வேண்டாம். சோலைச்சாமி என்கிற கிடைக்காரர் நானூறு உருப்படியோடு தெற்கேயிருந்து வந்திருந்தார். செவ்வாயும் புதனும் கொம்பையா காட்டில், வியாழனும் வெள்ளியும் இன்னாசி காட்டில், சனிக்கிழமை காலையில் ஆடுகள் எட்டயபுரம் பக்கம் நகர்ந்துவிடும் என்று முறை பேசியிருந்தது. கொம்பையாவுக்கும் இன்னாசிக்கும் அடுத்தடுத்த காடு. நாற்பது வருஷப் பழக்கம்.

திங்கட்கிழமை கொம்பையாவின் மகளுக்குப் புதியம்புத்தூரில் வலி கண்டுவிட்டது என்று ஆள் வந்தது. அவர் கிடைத்த பஸ்ஸில் ஏறும் அவசரத்தில் இன்னாசி வீட்டு வாசலில் நின்று, "அண்ணாச்சி, கிடைக்காரருக்கு நம்ம காடு தெரியாது. நீங்கதான் காட்டிக் குடுக்கணும்" என்றார்.

"போலே. நான் பாத்துக்கிடுதேன்" என்றார் இன்னாசி.

செவ்வாய்க்கிழமை காலையில் சோலைச்சாமி வந்து கேட்டபோது, இன்னாசி அவரைக் கூட்டிக்கொண்டு போனார். கரிசல் காடு வெளியூர்க்காரன் கண்ணுக்கு ஒரே கறுப்பு. எவன் காடு எங்கே முடிகிறது என்று உள்ளூர்க்காரன் சொன்னால்தான் உண்டு. இன்னாசி கையை நீட்டினார். ஆனால் நீட்டியது கொம்பையா காட்டைப் பார்த்து அல்ல. அதற்கு அங்கிட்டு, சோளத்தட்டை இன்னும் கட்டாமல் கிடந்த நந்தகோபால் காட்டைப் பார்த்து.

"அதுதான் கொம்பையா காடு. தட்டை கிடக்கு பாத்தீங்களா? ஆட்டை விட்டா ஒரு தட்டை மிஞ்சாது. அவனும் ஊர்ல இல்ல. என் காட்டுலயே அடைச்சிருங்க."

சோலைச்சாமிக்கு எங்கே அடைத்தால் என்ன? வலையை இன்னாசி காட்டில் ஊன்றிவிட்டார். நாலு ராத்திரி கிடை விழுந்தால் இன்னாசியின் நாலு ஏக்கரும் மூடிவிடும். கொம்பையா காட்டுக்கு இந்த வருஷம் ஒரு புழுக்கை கிடையாது. இன்னாசிக்கு அன்று பகல் முழுக்க மனசு லேசாகத்தான் இருந்தது.

சனியன், அந்தியில் மணி அடித்தது.

"எந்திரிச்சேன். டீ குடிச்சேன். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தேன்" என்றார் இன்னாசி.

சூசையம்மா கண்ணைத் திறந்தாள். "டீக்கும் சாப்பாட்டுக்கும் நடுவுல எங்கன போனிய? நாள்ல ஒரு துண்டு காணோமே."

"காட்டுக்குப் போனேன்."

"தினமும் அதைத்தானே மொதல்ல சொல்லுவிய."

"ஏட்டி, இது ஆத்தும சோதனையா, போலீஸ் ஸ்டேஷனா?"

அமலி மாமியாரை அடக்கிவிட்டு, "இப்ப அஞ்சு நிமிஷம் மௌனம்" என்றாள். இன்னாசிக்கு அதுதான் ஆகவில்லை. பேசச் சொன்னால் எதையாவது சொல்லித் தப்பிக்கலாம். சும்மா உட்காரச் சொன்னால் மனுஷன் எங்கே போவான்? கண்ணை மூடினால் நீட்டின கை தெரிந்தது. கண்ணைத் திறந்தால் அட்டை. பக்கத்து வீட்டு டிவி சத்தத்தைக் கேட்கப் பார்த்தார். அன்றைக்கென்று கரண்ட் இல்லை.

புதன்கிழமையும் அப்படியே போயிற்று. காலையில் எழுந்ததிலிருந்து வரிசையாக யோசித்துக்கொண்டு வந்தார். ஒன்றும் இல்லை, நல்ல நாள்தான். ஆனால் நினைப்பு அந்த நாளோடு நிற்காமல் முந்தின நாளுக்குப் போய் நின்றது. முந்தின நாளைப் பார்க்கச் சொல்லி அட்டையில் எங்கே போட்டிருக்கிறது? இவ்வளவுக்கும் அவருக்கு அட்டையை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். அதுவும் ஒரு வரிக்குமேல் ஓடாது.

வியாழக்கிழமை அமலி இப்படிச் செபித்தாள்: "ஆண்டவரே, கொம்பையா மாமா மகளுக்கு நல்லபடியா ஆம்பளைப் பிள்ளை பிறந்ததுக்கு நன்றி சொல்லுதோம். அவிய ஊர்ல இல்லாதப்ப அவிய காட்டைப் பாத்துக்கிடுத எங்க மாமாவுக்காகவும் நன்றி சொல்லுதோம்."

இன்னாசிக்கு முதுகில் எறும்பு ஊறியது போல இருந்தது. "உன்னை யாரு எனக்காகச் சொல்லச் சொன்னா? அவியவிய பாட்டை அவியவிய சொல்லுங்க" என்று சத்தம் போட்டார். சவரி திடுக்கிட்டு முழித்து, "ஆமென்" என்றான்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் இன்னாசி காட்டில் இருந்தார். சோலைச்சாமி வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு ராத்திரி அந்தப் பக்கம் அடைங்க" என்று இன்னாசி வேலிமரத்துக்கு இங்கிட்டுக் கிடந்த சுத்தமான காட்டைக் காட்டினார். "அதுதான் கொம்பையா காடு."

"அன்னைக்குத் தட்டை கிடந்த காட்டைல்லா காட்டினீங்க?"

"அது வேற ஆளு காடு."

"தெரியாமக் காட்டிட்டீங்களோ?"

"தெரிஞ்சுதான்."

சோலைச்சாமி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வலைக் குச்சியைப் பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டு, "ஆட்டுக்கு என்ன பெரியவரே, எங்கன அடைச்சாலும் படுத்துக்கிடும்" என்றார். "ஆனா நாளைக்குப் போயே ஆகணும். ஊருணியில தண்ணி இல்ல. இன்னும் ஒரு நாள் இருங்கன்னு சொல்லிராதீங்க."

இன்னாசி அதைத்தான் சொல்ல வாயெடுத்தார். மூடிக்கொண்டார்.

சனிக்கிழமை மத்தியானம் கொம்பையா வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கித் தன் காட்டைப் பார்த்துவிட்டு நேரே இன்னாசி வீட்டுக்கு வந்திருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. மருமகன் புதியம்புத்தூரில் ரெடிமேட் சட்டை தைக்கிற இடத்தில் இருக்கிறான்.

"பேரன் பிறந்ததுக்கு உங்களுக்கு ஒரு சட்டை அண்ணாச்சி. நான் அளவு சொல்லி மருமகன் கையால தச்சது." அமலி கொண்டுவந்த காப்பியை வாங்கிக்கொண்டார். "காட்டைப் பாத்தேன். ஒரு நாள்தான் கிடை விழுந்திருக்கு போல. பரவாயில்ல, நீங்க இல்லேன்னா அதுவும் இருக்காது. ஆள் இல்லாதவன் காட்டுல எவன் அடைப்பான்?"

இதற்கு ஒரு 'உம்' கொட்டியிருந்தால் போதும். காப்பி தீர்ந்திருக்கும், பேரன் கதை வந்திருக்கும், சட்டை உடம்பில் ஏறியிருக்கும். இன்னாசியும் உம் கொட்டத்தான் இருந்தார். ஆனால் செவ்வாய்க்கிழமையிலிருந்து தொண்டைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்த சங்கதி அவரைக் கேட்காமலே வெளியே வந்துவிட்டது.

"ஏலே கொம்பையா, மூணு நாளும் என் காட்டுலதான் அடைச்சேன். உன் காடுன்னு நந்தகோபால் காட்டைக் காட்டிட்டேன்."

கொம்பையா காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். பாதிதான் குடித்திருந்தார்.

"நெசமாவா அண்ணாச்சி?"

"நெசந்தான்."

"நான் உங்ககிட்ட ஒப்படைச்சுட்டுல்லா போனேன்."

"ஆமா."

"பிறகு எதுக்கு இப்பச் சொல்லுதிய? கிடைதான் போயிருச்சே."

"வருத வருஷம் என் முறை ரெண்டு நாளையும் நீ எடுத்துக்கோ" என்றார் இன்னாசி.

"வருத வருஷம் கிடை வருமோ, நாம இருப்பமோ" என்றார் கொம்பையா. கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் மோசம். எழுந்து, சூசையம்மாவிடம் மட்டும், "வாரேன் மதினி" என்று சொல்லிவிட்டு நடந்தார். சட்டைப் பையைக் கட்டிலில் வைத்தது வைத்தபடியே விட்டுவிட்டார். எடுத்துக்கொண்டு போயிருந்தாலும் ஒரு கணக்காயிருக்கும்.

அந்தியில் மணி அடித்தது. அமலி மெழுகுவத்தி கொளுத்தினாள். அவள் முகத்தில் ஒரு பிரகாசம். அதைப் பார்த்ததும் இன்னாசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மாமா, இன்னைக்கு நீங்கதான் மொதல்ல சொல்லணும். நீங்க செஞ்சது எவ்வளவு பெரிய காரியம். மனசு லேசாயிருக்குமே இப்ப?"

"லேசா? நாப்பது வருஷமா இந்த வீட்டுல காப்பியைப் பாதியில வச்சுட்டுப் போகாதவன் இன்னைக்கு வச்சுட்டுப் போயிட்டான். உங்க சாமியார்கிட்டச் சொல்லு, அட்டையில அதுக்கு எத்தனாவது வரின்னு கேளு."

"உண்மையைச் சொன்னதுக்கு ஆண்டவர்..."

"ஆண்டவருக்குத் தெரியாதா? அவரு சும்மாதானே இருந்தாரு. நாந்தான் சும்மா இருக்கல."

"செஞ்சதைச் சொல்லாம இருந்திருந்தா?" என்றாள் சூசையம்மா.

"இருந்திருந்தா சட்டையைப் போட்டுப் பாத்திருப்பேன்" என்றார்.

சிரிக்கலாமா என்று யாருக்கும் தெரியவில்லை. சட்டை பையோடு ஆணியில் தொங்கியது, அட்டைக்குப் பக்கத்து ஆணியில். அமலி மெல்ல, "அஞ்சு நிமிஷம் மௌனம்" என்றாள். சவரி சுவரில் சாய்ந்தான்.

இன்னாசி எழுந்துவிட்டார். "அஞ்சு நிமிஷம் நீங்க இருங்க. நான் அஞ்சு நாள் இருந்தது போதும்."

"எங்கன போறீய?"

"காட்டுக்கு. என் காட்டுப் புழுக்கையில ரெண்டு வண்டி அள்ளி அவன் காட்டுல போட முடியுமான்னு பாக்கப் போறேன். இதுக்கும் உங்க அட்டைக்கும் சம்பந்தம் இல்ல. அதையும் செபத்துல சேத்துராதீங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு, துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, பின்னால் அமலி ஏதோ முணுமுணுக்க ஆரம்பித்தது காதில் விழாத தூரத்துக்கு வேகமாக நடந்தார்.