கருமணிக்குக் கருமணி

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தன் பிரமாணப் பத்திரத்தில் ஒரே ஒரு பொய்தான் எழுதியிருந்தார். கடையை வளர்த்ததில் மனைவிக்குப் பங்கில்லை, சும்மா வந்து உட்கார்ந்துவிட்டுப் போவாள் என்று.

விலை இருந்தது அந்த வரிக்குத்தான். விவாகரத்து முடிந்துவிட்டது, சொத்துதான் பாக்கி. கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து உண்டாக்கியது என்றால் சரிபாதி. பணம் போட்டது யார் என்று மட்டும் கோர்ட்டு பார்க்காது. உழைப்பையும் முதலாகவே எடுத்துக்கொள்ளும். ஒருவர் தனியாக உண்டாக்கியது என்று காட்டிவிட்டால் அது அவருக்கே. வீட்டில் தகராறு இல்லை. கடைதான் இழுபறி.

"கல்லாவுல உட்கார்றது உழைப்புன்னா, எங்க ஆபீஸ் பூனைக்கும் பங்கு குடுக்கணும்" என்று கோர்ட்டு வாசலில் அவருடைய வக்கீல் சொன்னபோது கடைக்காரரும் சிரித்து வைத்தார். நாலு எட்டு தள்ளி பெஞ்சில் அவள் இருந்தாள். காதில் விழாமல் இருந்திருக்காது.

நீதிபதியம்மா பத்திரத்தைப் படித்துவிட்டு, கடையில் ஒரு கண்ணாடி எப்படித் தயாராகிறது, யார் எதைச் செய்கிறார்கள் என்று முதலிலிருந்து சொல்லச் சொன்னார். சுருக்கமாக முடிக்கும்படி வக்கீல் கண்ணைக் காட்டினார். ஆனால் தொழிலைப் பற்றிக் கேட்டுவிட்டால் கடைக்காரருக்குத் தலைகால் புரியாது. ஒவ்வொரு லென்ஸிலும் வெளிச்சம் வளையாமல் நேரே போகிற புள்ளி ஒன்று உண்டு என்றார். அந்தப் புள்ளி கருமணிக்கு நேர் எதிரே நிற்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் கண் அதோடு மல்லுக்கட்டும், தலைவலி வரும். ஆகவே லென்ஸை ஃபிரேமுக்குப் பொருந்தத் தேய்க்கும் முன், கருமணிக்குக் கருமணி எவ்வளவு தூரம் என்று அளப்பதுதான் உயிர்நாடி.

அதை எப்படி அளப்பது என்று கேட்டார் நீதிபதி. இவர் சட்டைப் பையிலிருந்து சின்ன ஸ்கேலை எடுத்தேவிட்டார். எதிரே நேராக உட்கார வேண்டும். அளக்கிறவர் தன் வலது கண்ணை மூடி, இடது கண்ணால் எதிராளியின் வலது கருமணியில் பூஜ்யத்தை வைக்க வேண்டும். பிறகு கண்ணை மாற்றி மூடி, வலது கண்ணால் அடுத்த கருமணியில் எண்ணைப் படிக்க வேண்டும்.

நீதிபதிக்குச் சுவாரசியம் தட்டிவிட்டது. தட்டச்சு செய்பவரைக் காட்டி, "இவருக்கு அளந்து காட்டுங்களேன்" என்றார்.

உட்கார்ந்து வலது கண்ணை மூடியபோதுதான் தான் எங்கே வந்து மாட்டிக்கொண்டோம் என்று அவருக்கு உறைத்தது. தட்டச்சுக்காரர் முகம் ஈரத்தில் ஊறிய காகிதம்போலக் கலைந்தது. சின்ன வயதிலிருந்தே இடது கண் அப்படித்தான். கண்ணாடிக் கடைக்காரனுக்கே கண் தெரியாது என்று தெரிந்தால் யார் வருவார்கள்? அதனால் கடை திறந்த முதல் வாரத்திலேயே ஸ்கேலை அவர் கையிலிருந்து அவள் வாங்கிக்கொண்டாள். பதினாறு வருஷம் யாரிடமும் மூச்சுவிடவில்லை. அவளுடைய மனுவிலும் அது இல்லை. எழுதியிருந்தால் வழக்கு அன்றைக்கே முடிந்திருக்கும். கூடவே கடையும் படுத்திருக்கும்.

அறுபத்திரண்டு மில்லிமீட்டர் என்று அடித்துவிடலாம். யார் சரிபார்ப்பது? அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்க மாட்டாள். அந்த நினைப்பில் அவருக்கு முகம் எரிந்தது. அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னால முடியாதுங்கம்மா. இடது கண்ணு எனக்குத் தெரியாது. இத்தனை வருஷமா அளந்தது இவங்கதான். நான் எழுதினது பொய்."

வக்கீல் பேனாவை மூடினார். நீதிபதி அதைப் பதிவு செய்யச் சொன்னார். பிறகு, மனைவி பிரிந்துபோன ஏழு மாதமாக யார் அளக்கிறார்கள் என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கடைக்காரர் எதிர்பார்க்கவில்லை. பழைய கண்ணாடி வைத்திருப்பவர்களுக்கு அதிலிருந்து அளவு எடுத்துக்கொண்டதாகச் சொன்னார். புதிதாகப் போடுகிறவர்களுக்கு? குத்துமதிப்பாக. எத்தனை பேர்? முப்பதுக்கு மேல் இருக்கும் என்றபோது குரல் அவருக்கே கேட்கவில்லை.

அவள் அப்போதுதான் தலையைத் தூக்கினாள்.

"சின்னப் பசங்களும் இருக்காங்களா அதுல?"

நீதிபதி அவளைத் தடுக்கவில்லை. கடைக்காரர் தலையாட்டினார்.

"பாதியெல்லாம் அப்புறம் பிரிச்சுக்கலாம். முதல்ல அவங்க விலாசத்தைக் குடுங்க."

அவர் பத்திரத்தின் நகலைத் திருப்பிப் போட்டு, நினைவுக்கு வந்த முதல் குழந்தையின் தெருவை எழுத ஆரம்பித்தார். அவள் எழுந்து வந்து, எழுத்து புரிகிறதா என்று பக்கத்தில் நின்று பார்த்தாள். அவரால் நிமிர முடியவில்லை.