பஞ்சுத்தாளில் வெளுத்த சட்டை

மன்னாரில் ரொபின்சன் வைத்திருந்தது கலியாணவீட்டு ஸ்டூடியோ. மாப்பிள்ளையைக் கொஞ்சம் வெள்ளையாக்கு, பொம்பிளையை இன்னும் வெள்ளையாக்கு என்று வந்து நிற்கிறவர்களுக்கு, பதினொரு வருடமாக முகம் சுளிக்காமல் வெள்ளையடித்துக் கொடுத்தவன் அவன். அந்தக் கைப்பழக்கம் சும்மா போய்விடுமா?

இலுப்பைக்கடவைத் தேவாலயத்தில் ஒரு பிள்ளையின் முதல்நன்மைப் படம் எடுக்கப் போய்த் திரும்பும்போது சிவராணி வழிமறித்தாள். மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம், வயல்கூலிக்குப் போகிறவள். அவள் வளவுக்குப் பின்னால் இறால் பண்ணை வந்து ஒரு வருடத்தில் கிணற்றுத் தண்ணீர் துருநிறமாகிவிட்டது.

"தம்பி, கமராவோடதானே வந்திருக்கிறீங்கள்? இதை ஒருக்கா எடுங்கோ. வாயாலை சொன்னா ஒருத்தரும் நம்புகினமில்லை."

கொடியிலிருந்து மகள் கிருஷாந்தியின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையை எடுத்து உயர்த்திப் பிடித்தாள். வெள்ளை என்று பெயர்தான். தேயிலைச் சாயத்தில் ஊறப்போட்டு எடுத்த மாதிரி இருந்தது.

"மூண்டு தரம் நீலம் போட்டுத் தோய்ச்சனான். ஊத்தைச் சட்டையெண்டு பள்ளிக்கூடத்திலை ரெண்டு நாள் திருப்பி அனுப்பிப்போட்டினம். இப்ப பிள்ளை போகமாட்டனெண்டு நிக்கிது. பைப்புத் தண்ணி தரச்சொல்லி எழுதாத அரசாங்கக் கந்தோர் இல்லை."

ரொபின்சன் எடுத்தான். காலை வெயில், அவளுடைய மெலிந்த கை, காற்றில் விரிந்த அந்தத் துருச் சட்டை. எடுத்த உடனேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது, வாழ்நாளில் எடுத்த ஒரே நல்ல படம் இதுதான் என்று.

"இதைப் பாத்தா எவனும் வாய் திறக்கேலாது அக்கா" என்றான். மனதாரத்தான் சொன்னான்.

அதைக் கொழும்பில் நடந்த ஒரு படப்போட்டிக்கு அனுப்பினான். நடுவர்களில் ஒரு பெண்மணி தொலைபேசியில் கூப்பிட்டார். படம் அருமை, ஆனால் நிறம் கத்துகிறது. கறுப்பு வெள்ளையாக்கி, பஞ்சில் செய்த தடித்த தாளில் அடித்தால் இது வேறு படம் என்றார்.

ரொபின்சன் கொம்பியூட்டருக்கு முன்னால் குந்தினான். நிறத்தை உருவியதும் சட்டை அழுக்குச் சாம்பலாகத்தான் வந்தது. சிவப்பு இருந்த இடங்களின் வெளிச்சத்தை மட்டும் கொஞ்சம் தூக்கினான். துரு வெளிறியது. இன்னும் தூக்கினான். சட்டை பால் போல வெளுத்தது. சிவராணியின் கை ஒளிவிட்டது. பஞ்சுத்தாளில் மினுக்கம் கிடையாது. மை உள்ளே இறங்கி, ஓரங்களெல்லாம் மெத்தென்று கரைந்து போயின. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல வடிவாயிருந்தது. தெரியாமல் செய்தான் என்று சொன்னால் அது பச்சைப் பொய். முதலில் ஆட்கள் பார்க்கட்டும், கதையைப் பிறகு சொல்லலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். வெள்ளையடிக்கிறவனுக்குச் சமாதானத்துக்கா பஞ்சம்?

முதல் பரிசு கிடைத்தது. கண்காட்சியில் சட்டம் போட்டு மாட்டி, கண்காட்சிப் புத்தகத்திலும் அச்சடித்து, 'விடியலில் ஒரு தாய்' என்று கீழே எழுதியிருந்தார்கள். ஒரு பெண் கண்கலங்கி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எவ்வளவு நம்பிக்கை தாற படம்! அந்த உடுப்பின்ர தூய்மையைப் பாருங்கோ!"

அது துரு, மிஸ் என்று சொல்ல வாயெடுத்தான். "தாங்ஸ் மிஸ்" என்றுதான் வந்தது. அந்த இடத்தில் அவன் நாக்கு அழுகிப் போயிருக்கலாம்.

மூன்று மாதம் கழித்து, ஊரவர்கள் போட்ட சத்தத்தில், பண்ணையைப் பற்றிப் பொதுநோக்கு மண்டபத்தில் விசாரணை வைத்தார்கள். அதற்குள் பண்ணைக்காரர்கள் உதவி செய்வதாகச் சொல்லிச் சிவராணியின் கிணற்றை மண் போட்டு மூடிவிட்டு, கிழமைக்கு ஒருமுறை பவுசர் லொறியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். சட்டையோ அடுப்படியில் சட்டி இறக்கும் துணியாகிக் கரியேறிக் கிடந்தது. மிஞ்சியது படம் ஒன்றுதான்.

"அந்தப் படத்தைக் கொண்டு வாங்கோ தம்பி" என்று சிவராணி சொல்லியனுப்பினாள். நிறப்படத்தைப் பெரிதாக, மினுங்குகிற தாளில் அடித்துக்கொண்டு ரொபின்சன் போனான்.

விசாரிக்க வந்த அதிகாரி படத்தை வாங்கிப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். சிவராணியின் முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் தெளிவு வந்தது. அப்போது பண்ணை மனேஜர் எழும்பி, வலு மரியாதையாக, கண்காட்சிப் புத்தகத்தை விரித்து மேசையில் வைத்தார்.

"இதையும் பாருங்கோ சேர். இவருக்குப் பரிசு கிடைச்ச படம். அதே ஆள், அதே சட்டை. இதிலை பால் மாதிரி வெள்ளை. இப்ப எங்களிலை பழி போட நிறம் பூசிக்கொண்டு வந்திருக்கிறார்."

அதிகாரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"தம்பி, ரெண்டிலை ஒண்டை நீங்கள் மாத்தியிருக்கிறீங்கள், என்ன?"

"ஓம் சேர். ஆனா மாத்தினது புத்தகத்திலை இருக்கிறது. எடுத்த படம் அப்படியே கமராவிலை கிடக்கு."

"ஏன் மாத்தினனீங்கள்?"



"வடிவா இருக்குமெண்டு."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கமராவில் கிடந்தாலும் சரி, மாற்றத் தெரிந்தவர் கொண்டுவருகிற எந்தப் படத்தையும் சாட்சியாக எடுக்க முடியாது என்று அதிகாரி எழுதினார். அவரைக் குறை சொல்லவும் வழியில்லை. வேறு ஆதாரம் இருந்தால் கொண்டுவரச் சொல்லிவிட்டு எழும்பிப் போனார்.

சிவராணி மேசையடிக்கு வந்து புத்தகத்தைக் கையில் எடுத்தாள். அந்தப் படத்தை அவள் பார்ப்பது அதுதான் முதல்தரம். கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, நெடுநேரம் பார்த்தாள்.

"என்ர கையே இது? வடிவாத்தான் இருக்கு" என்றாள்.

ரொபின்சன் புத்தகத்தை வாங்கக் கையை நீட்டினான்.

"மூண்டு தரம் நீலம் போட்டும் என்னாலை வெளுக்கேலாமப் போச்சு. நீங்கள் வெளுத்துப்போட்டீங்கள் தம்பி."

புத்தகத்தை மூடி, அவன் நீட்டிய கையைத் தாண்டி, மனேஜரிடம் கொடுத்தாள்.