வெளுப்புத் திடலில் விழுந்த பந்து

வடகடலின் உப்புக்காற்றுக்கு வளைந்து வளைந்து நிமிரும் நெடும்புல்லும், மணல்மேட்டுச் சரிவெங்கும் மஞ்சள் பூத்துக் குலுங்கும் முட்புதர்களும், அவற்றினிடையே ஆடுகள் மேய்ந்து மேய்ந்து மட்டமாக்கிய பசுந்தரையும் பரந்து கிடக்க, காலை முழுதும் ஊரை மூடியிருந்த கடற்பனி மெல்ல விலகி, வேனில் வெயில் பிட்டன்லா ஊரின் கற்கூரைகள்மேல் சாய்ந்து ஒளிர்ந்த பிற்பகல் அது. மீன்பிடிப் படகுகள் கரையிலேயே ஓய்ந்து கிடந்தன. ஏனெனில், நூல் நயக்கும் அன்பரே, வலை வீசுவோரும் மீன் விற்போரும் பள்ளி ஆசிரியரும் பாதிரியாரும் ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு கோல்ஃப் எனும் குழிப்பந்துத் திடலின் கயிற்றோரம் திரண்டிருந்தனர்.

ஸ்காட்லாந்து நாட்டின் தொழில்முறை ஆடவர் குழிப்பந்து வாகைப் போட்டி, எத்தனையோ கடற்கரைத் திடல்களில் வலம் வந்தும், பிட்டன்லாவை மட்டும் என்றும் எட்டிப் பார்த்ததில்லை. இறுதிக் குழியை அடுத்த ஊர்ப்பொதுப் புல்வெளியில் வண்ணார மகளிர் துணி விரித்து வெளுக்கும் பழைய வழக்கமே அதற்குத் தடை என்று ஆட்டக் கழகச் செயலர் குத்ரி பல்லாண்டுகளாகப் பொருமி வந்தார். போர் ஓய்ந்தபின் வந்த இவ்வேனிலில் போட்டி ஒருவழியாக ஊர் தேடி வரவே, அவ்வாரம் எவரும் துணி விரிக்கலாகாது என்று அவர் ஆணையிட்டார். மகளிர் அறுவருள் ஐவர் அஞ்சித் துணியைச் சுருட்டினர். ஆறாமவளாகிய எப்பி சுருட்டவில்லை. அவள் கணவர் டவுகல் ரென்னியோ அத்திடலிலேயே மட்டை செய்து பிழைத்து, அப்போட்டியிலேயே ஆடவிருந்த ஊர் ஆட்டக்காரர்.

போட்டி தொடங்கும் நாளன்று, காலைக் கஞ்சியின்போதே வீட்டில் பூசல் வெடித்தது.

"ஒரே ஒரு வாரம், எப்பி. துணிய உள்ள காயப்போட்டா குடியா முழுகிடும்?"

"குடி முழுகாதுய்யா, உரிமை முழுகிடும். ஒரு தடவ சுருட்டிட்டோம்னா, 'நீங்களே விட்டுட்டீங்க'ன்னு அந்த குத்ரி ஒரேயடியா முடிச்சுடுவான். அப்புறம் நாங்க ஆறு பேரும் எங்க போய் வெளுக்கிறது? உன் வழுக்கையிலயா?"

"ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்கும்டி."

"சிரிக்கட்டும். அவங்க போட்டிருக்கிற சட்டைய வெளுத்தவ நான்."

அன்றிலிருந்து இருவரும் பேசவில்லை. எப்பி கஞ்சியை வட்டிலில் வார்ப்பாள், அவர் குடிப்பார், கதவு சாத்தப்படும். ஆயினும் அவர் களத்தில் ஒவ்வொரு நாளும் முன்னேற முன்னேற, துணி உதறும் சாக்கில் அவள் கயிற்றோரம் நின்று எட்டி எட்டிப் பார்த்ததை ஊரறியும். அவருக்குத் தெரியாது என்று அவள்மட்டும் நம்பிக்கொண்டிருந்தாள்.

இறுதி நாளின் இறுதிக் குழிக்கு வந்தபோது, தென்னாட்டு ஆட்டக்காரர் நினியன் கிர்க் தம் ஆட்டத்தை முடித்துவிட்டுக் கைகட்டி நின்றார். ரென்னி இன்னும் ஒரே அடியில் பந்தைக் குழியில் வீழ்த்தினால் வாகை அவருடையது. இரண்டு அடியானால் சமநிலை, மறுநாள் மறு ஆட்டம். ஆனால் அவர் முன்பு அடித்த பந்து காற்றில் சற்றே விலகி, குழியருகே இறங்கி, உருண்டு, கயிற்றைக் கடந்து, வெயிலில் விரிந்து கிடந்த ஒற்றை வெள்ளை விரிப்பின் நடுவில் போய் அமர்ந்துகொண்டது. கூட்டம் மூச்சடக்கி, பின் ஒருசேரக் கொல்லென்று சிரித்தது. எப்பி மட்டும் சிரிக்கவில்லை. தன் விரிப்பே தன் கணவரின் வாகையைக் கெடுத்துவிட்டதே என்று அவள் துடித்துப் போனாள்.

குத்ரி விரைந்து வந்தார். அவர் முகத்தில் எதிர்பாராத மகிழ்ச்சி மலர்ந்திருந்தது.

"ரென்னி, இதுல யோசிக்க என்ன இருக்கு? வெளுக்கிற வழக்கமெல்லாம் எப்பவோ செத்துப்போச்சு. 'இது குப்பை'ன்னு ஒரு வார்த்தை சொல்லு. துணியத் தூக்கிப் போட்டுட்டு, பந்தை அந்தச் சமதரையில வச்சு ஆடு. அங்கேருந்து நீ கண்ணை மூடிட்டே போட்டுடுவியே!"

"குப்பை இல்லைன்னா?"

"இல்லைன்னா பழைய ஊர் விதி. துணிக்காரிதான் வந்து பந்துக்கு அடியிலேருந்து துணிய உருவணும். பந்து நகர்ந்தா தண்டமா உன் கணக்குல ஒரு அடி கூடிடும். நகரலைன்னாலும், அடியில இருக்கிற அந்தப் பள்ளத்துலேருந்துதான் நீ ஆடணும். உனக்கு எதுக்குய்யா இந்த வீண் வம்பு?"

எப்பி கயிற்றை இறுகப் பற்றினாள். ஆட்டக்காரரே, அதுவும் தன் கணவரே, ஊரறியக் 'குப்பை' என்று சொல்லிவிட்டால் அறுவர் பிழைப்பும் அச்சொல்லோடு முடிந்தது. சொல்லாவிட்டால் அவர் வாழ்நாள் முழுதும் கனவு கண்ட வாகைக் கிண்ணம் கைநழுவிப் போகலாம். சொல்லட்டும் என்றும் அவள் மனம் சொன்னது, சொல்லாதே என்றும் கதறியது.

ரென்னி குனிந்து விரிப்பைப் பார்த்தார். அதன் மூலையில் தம் செருப்பாணி கிழித்ததும், எப்பி திட்டிக்கொண்டே தைத்ததும் கண்ணில் பட்டன.

"குப்பையா? ஐயா, இது நேத்து வரைக்கும் நான் படுத்துத் தூங்குன விரிப்பு. ஊர் முன்னாடி என்னைக் குப்பையில படுக்கிறவன்னா சொல்றீங்க?"

கூட்டம் ஆர்ப்பரித்தது. அவர் குரலை உயர்த்தினார்.

"இது இங்க உரிமையோட கிடக்குது. பழைய விதிப்படியே நடக்கட்டும். என் பொண்டாட்டியக் கூப்பிடுங்க!"

குத்ரி வேறு வழியின்றி, ஏதோ கசப்பை விழுங்கியவர்போல, வெளுப்புரிமை நிலவுகிறது என்றும், அதனால் ஊர் விதி பொருந்தும் என்றும் திரண்டிருந்தோர் அனைவர் செவியிலும் விழ அறிவித்தார். எப்பியின் கண்கள் நிறைந்தன. அழுதுகொண்டே சிரித்தபடி கயிற்றைத் தாண்டி வந்து, கணவர் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"நகர்ந்துடுச்சுன்னா என்னைத் திட்டக்கூடாது."

"திட்டினா மட்டும் அடங்கிடப் போறியா? உருவுடி, அம்மாடி."

அவள் விரிப்பின் ஓரத்தைத் தரையோடு தரையாக அழுத்தி, மூச்சை இழுத்து, ஒரே இழுப்பாக உருவினாள். விரிப்பு வெள்ளலைபோல் சுருண்டு அவள் மடியில் விழ, பந்து இருந்த இடத்திலேயே புல்லுக்குள் இறங்கி அசையாது நின்றது. மீனவர்கள் தொப்பியை வானில் எறிந்தனர், பாதிரியாரும் எறிந்தார். பின் எல்லாரும் அடங்க, ரென்னி பள்ளத்திலிருந்து பந்தை மென்மையாக உயர்த்தினார். அது சரிவில் இறங்கி, ஆடி அசைந்து, குழியின் விளிம்புவரை வந்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, நின்றுவிட்டது.

எப்பி இடுப்பில் கைவைத்தாள்.

"ஏய்யா, ஒரு விரிப்பையே அலுங்காம உருவிக் குடுத்தேன். ஒரு பந்தை உள்ள தள்ள முடியலையா உனக்கு?"

கிர்க் உட்பட அங்கிருந்தோர் யாவரும் வயிறு வலிக்கச் சிரித்தனர். எல்லாரினும் உரக்கச் சிரித்தவர் ரென்னிதான். அடுத்த அடியில் பந்து குழியில் வீழ, ஆட்டம் சமனாயிற்று.

அன்று மாலை இருவரும் விரிப்பின் ஆளுக்கொரு முனையைப் பிடித்து மடித்தனர்.

"அவன் சொன்ன இடத்துல வச்சு ஆடியிருந்தா ஜெயிச்சிருப்ப, இல்ல?" என்றாள் அவள், தாழ்ந்த குரலில்.

"கண்டிப்பா ஜெயிச்சிருப்பேன். அந்தக் கிண்ணத்தத் தலைக்கு வச்சுக்கிட்டு வாசப்படியில படுத்திருப்பேன்."

மறுநாட்காலை மறு ஆட்டத்திற்கு வந்தவர்கள் திடலோரம் திகைத்து நின்றனர். அஞ்சிச் சுருட்டிய ஐவரும் விடியுமுன்பே வந்து, எப்பியின் விரிப்புக்கு இருபுறமும் தத்தம் துணிகளை விரித்திருக்க, முந்தைய நாள் ஒற்றை விரிப்பு கிடந்த இடத்தில் புல்வெளியே தெரியாதபடி வெண்மை பரந்திருந்தது. அதைக் கண்ட ரென்னி வாய் நிறைந்த சிரிப்போடு ஆடத் தொடங்கி, அச்சிரிப்பு மாறாமலே தோற்றும் போனார். வாகையர் வரிசையில் அவ்வாண்டுக்கு நேரே கிர்க்கின் பெயரே பொறிக்கப்பட்டது, முறையும் அதுவே. வென்றவரை வரலாறு நினைவில் வைத்துக்கொள்ளும். வெல்லும் வாய்ப்பை ஒரு சொல்லுக்காகக் கைவிட்டவரை அது மறந்துவிடும். ஆயினும், அன்பரே, அவ்வூரில் மழை ஓய்ந்து வெயில் எழும் நாள்தோறும் அறுவர் வீட்டு அடுப்பு எரிவது 'உரிமை' என்ற அந்த ஒரு சொல்லால்தான்.