மஞ்சள் டார்ச்

அமெரிக்காவின் விசிட்டா நகரில் அந்த விமானத் தொழிற்சாலையில் ஒவ்வொரு கருவிக்கும் பலகையில் அதன் உருவத்தை வரைந்து ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஷிப்ட் முடிகையில் ஓர் இடம் காலியாக இருந்தாலும் விமானம் நகரக்கூடாது. தொலைந்தது அதற்குள்தான் எங்கேயாவது கிடக்கும். நல்ல சட்டம்தான். ஆனால் விமானம் நகராவிட்டால் கத்தித் தீர்க்கும் மேலாளர் கிரெய்கை எந்தப் பலகையில் மாட்டுவது?

அன்று சாயங்காலம் பரிசோதகி ஜோலீன், தொழிலாளி டானெட்டின் பலகை முன்னால் வந்து நின்றாள். எல்லா இடமும் நிறைந்திருந்தது. ஆனால் கறுப்பு டார்ச் தொங்கவேண்டிய இடத்தில், கடையில் வாங்கிய ஒரு மஞ்சள் டார்ச் பளிச்சென்று தொங்கியது.

டானெட் அவளுடைய உயிர்த்தோழி. இருவரும் தினமும் ஒரே காரில்தான் வேலைக்கு வருவார்கள். டானெட்டின் கணவனுக்கு டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. கம்பெனி இன்சூரன்ஸ் போனால் அவனும் போய்விடுவான். கருவி தொலைந்ததைத் தானாக வந்து சொன்ன ஒருவனைப் போன மாதம்தான் கிரெய்க் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்.

ஜோலீன் நிமிர்ந்தாள். டானெட் கண்ணெடுக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை கெஞ்சியது. ஜோலீனுக்கு மனசு கேட்கவில்லை. கண்டும் காணாததுபோல முத்திரையைக் குத்தினாள். விமானம் நகர்ந்தது. கிரெய்க் எல்லோருக்கும் பீட்சா வரவழைத்தார். திரும்பும் வழியில் தோழிகள் இருவரும் வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

வெள்ளோட்டத்தில் அந்த விமானம் கோதுமை வயலில் விழுந்தது. ஒவ்வொரு வெள்ளோட்டமும் முடிந்ததும் தொழிலாளர்களுக்கு டோனட் வாங்கிவரும் விமானி வெஸ் பிழைக்கவில்லை. வாலை அசைக்கும் கம்பிகளுக்கு நடுவே கறுப்பு டார்ச் சிக்கிக் கிடந்தது.

வெஸ்ஸின் இறுதிப் பிரார்த்தனை முடிந்து தேவாலயத்துக்கு வெளியே வந்தபோது ஜோலீனால் அதற்குமேல் அடக்கமுடியவில்லை.

"உன் வேலை போயிடுமேன்னுதான்டி நான் வாயைத் திறக்கல."

டானெட் காரில் சாய்ந்து நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"கடையில கறுப்பும் இருந்துச்சு, ஜோ."

ஜோலீனுக்குப் புரியவில்லை.

"எனக்குச் சொல்ல தைரியம் வரல. வேலை போனா உன் கையால போகட்டும்னு நினைச்சேன். உன் கண்ணுல படணும்னுதான் மஞ்சளா பார்த்து வாங்கினேன். நிறுத்திடுவே நிறுத்திடுவேன்னு உன்னையே பார்த்துக்கிட்டு நின்னேன்டி."

அந்தப் பார்வை கெஞ்சியது உண்மைதான். எதற்காகக் கெஞ்சியது என்பதைத்தான் ஜோலீன் தப்பாக எடுத்துக்கொண்டாள். தேவாலய வாசலில் வெஸ்ஸின் மனைவி, வந்தவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள்.

இருவரும் ஒரே காரில் ஏறினார்கள். வீடு வரும்வரை யாரும் வானிலையைப் பற்றிப் பேசவில்லை.