இருபத்து நாலு நட்டு

டெல்பர்ட் வேறு எதில் பொய் சொன்னாலும் டயரில் மட்டும் சொல்ல மாட்டார் என்று அந்த டிரெய்லர் பார்க்கில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். நம்பாமல் என்ன செய்வார்கள்? கான்சாஸில் முப்பத்து நாலு வருஷம் டயர் கடையில் நின்ற மனிதர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டை விற்று, டிரெய்லர் ஒன்றை வாங்கி, பிக்கப்பின் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு அரிசோனாப் பாலைவனத்துக்கு வந்தவர், வந்த இடத்திலேயே நின்றுவிட்டார். கட்டில், அடுப்பு, குளியலறையோடு சக்கரத்தின் மேல் நிற்கிற வீடு அது. அப்படி அறுபது வீடுகள் நிற்கிற பார்க்கில் யார் ஊருக்குக் கிளம்பினாலும் முதலில் டெல்பர்ட் வந்து டயரைப் பார்க்க வேண்டும். மண்டி போட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, டயரின் பக்கவாட்டை விரலால் தடவி, "போலாம்" என்றால் போகலாம். "வேணாம்" என்றால் எப்பேர்ப்பட்ட அவசரக்காரனும் வாயைத் திறக்காமல் பெட்டியை இறக்கி வைத்துவிடுவான்.

எதிர் வரிசை வெர்லாவுக்கு இரண்டு வருஷமாக "வேணாம்" தான்.

வெர்லா ஐடஹோக்காரி, அறுபத்தெட்டு வயது. குளிர்காலத்துக்கு மட்டும் இருந்துவிட்டுப் போகலாமென்று கணவரோடு வந்தவள். வந்த இடத்தில் கணவர் லமாருக்கு மாரடைப்பு. மூன்று நாளில் கதை முடிந்தது. அடுத்த வசந்தத்தில் ஊருக்குக் கிளம்பலாமென்று அவள் டெல்பர்ட்டைக் கூப்பிட்டாள். அவர் பார்த்தார். தரையில் படுகிற பொத்தானெல்லாம் தேயாமல் புதுசு மாதிரி இருந்தது. ஆனால் டிரெய்லர் டயர் ஓடித் தேய்வதைவிட, நின்ற இடத்தில் வெயிலில் காய்ந்து கெடுவதுதான் அதிகம். பக்கவாட்டில் இருக்கிற நாலு இலக்கத்தை அவளுக்கும் படிக்கக் கற்றுக்கொடுத்தார். முதல் இரண்டு இலக்கம் செய்த வாரம், அடுத்த இரண்டு செய்த வருஷம். அவள் டயரில் 2216 என்று இருந்தது. ஆறு வருஷத்துக் கிழடு.

"இதுல போனீங்கன்னா நெவாடா தாண்டறதுக்குள்ள ஒண்ணு வெடிக்கும். ஒண்ணு வெடிச்சா அடிப்பலகையைக் கிழிச்சுக்கிட்டுத்தான் போகும்," என்றார். அது சத்தியமான பேச்சு. அந்த வருஷம் ஊரிலிருந்த டயர் கடையில் கிடந்ததும் நாலு வருஷத்துப் பழைய சரக்கு. அதுவும் சத்தியம்.

அப்புறம்தான் டெல்பர்ட்டுக்குப் புத்தி கெட்டது. புதுச் சரக்கு வந்துவிட்டதா என்று பார்க்க, வியாழக்கிழமைதோறும் இரண்டு பேரும் டெல்பர்ட்டின் பிக்கப்பில் ஊருக்குப் போய்வர ஆரம்பித்தார்கள். கடையில் பத்து நிமிஷம். பிறகு முனையிலிருக்கிற சாப்பாட்டுக் கடை. டெல்பர்ட் இறங்கிச் சுற்றிவந்து வெர்லா பக்கத்துக் கதவைத் திறந்துவிடுவார். காபி, பீச் பழம் வைத்துச் சுட்ட பணியாரத் துண்டு, ஒரு மணி நேரம். லமார் குறட்டை விட்ட கதையெல்லாம் வெர்லா சொல்லுவாள். டெல்பர்ட் தன் மனைவி போன பிறகு இவ்வளவு நேரம் யாரோடும் உட்கார்ந்து பேசியதில்லை. மீதி ஆறு நாளும் அவர் வாயைத் திறப்பது ரேடியோவைத் திட்டுவதற்கு மட்டும்தான்.

மறு வருஷம் நல்ல டயர் வந்தது. டெல்பர்ட் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குற்றம் தேடினார். "இந்தக் கம்பெனி டயர் சூட்டுல உரிஞ்சு வரும், நான் பாத்திருக்கேன்," என்றார். பார்த்ததே இல்லை. போன நவம்பரில் அதைவிட நல்லது வந்தது. ரப்பர் கெட்டியாக இருக்கிறது என்று சப்பைக்கட்டு கட்டினார். வெர்லா குனிந்து டயரைத் தடவிப் பார்த்தாள், "நீங்க சொன்னா சரி," என்றாள், இருவரும் காபி குடிக்கப் போனார்கள்.

பக்கத்து டிரெய்லர் ராய்ஸ் மட்டும் சும்மா இருக்க மாட்டான். "ஏம்ப்பா டெல்பர்ட், ரெண்டு வருஷமா டயர் பாக்கறே. அதுக்குள்ள ரப்பர் மரத்தை நட்டு, பால் எடுத்து, நீயே ஒரு டயர் வார்த்திருக்கலாமேப்பா!"

"உன் வேலையைப் பாருடா, சோம்பேறி."

"என் வேலையே அதானே. நாற்காலியைப் போட்டு உக்காந்து உங்க ரெண்டு பேரையும் பாக்கறது."

மார்ச் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை வெர்லா தானே டெல்பர்ட்டின் வாசலுக்கு வந்தாள். கையில் டிரெய்லரை இழுக்கிற வண்டியின் சாவி இருந்தது.

"ஆர்டித் கூப்பிட்டா," என்றாள். ஆர்டித் அவள் தங்கை. "இடுப்பு எலும்பை மாத்தப் போறாங்களாம். கொல்லையில எனக்கு இடம் ஒதுக்கி, தண்ணி, கரன்ட் எல்லாம் இழுத்து வச்சிருக்கா. அங்கேயே இருந்துடு, இனிமே தனியா கெடக்காதேங்கறா."

"நல்லதுதான்," என்றார் டெல்பர்ட். "ஆனா டயர்..."

"டயர் பாத்துட்டேன். நெடுஞ்சாலை ஓரமா ஒருத்தன் அடுக்கி வச்சிருக்கானில்ல, அவன்கிட்ட அஞ்சு இருக்கு. புதுசு மாதிரிங்கறான். நாளைக்கு மாட்டித் தரேன்னான்."

"நம்பரைப் படிச்சீங்களா?"

"கறுப்பு மை பூசி வச்சிருக்கான், தெரியல. தெரிஞ்சு என்ன டெல்பர்ட், நான் போயாகணும். நல்ல டயர்னு ஒண்ணு இந்த உலகத்துல கிடையாதுன்னு ரெண்டு வருஷமா நீங்கதானே சொல்றீங்க?"

அவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். இருவரும் அந்த ஆளிடம் போனார்கள். டெல்பர்ட் துணியில் பெட்ரோலை நனைத்துத் துடைத்தார். 4115. எட்டு வருஷம் தாண்டிய டயர், அதுவும் கார் டயர். டிரெய்லரின் கனத்துக்குப் பக்கவாட்டு வளைந்தே செத்துப்போகும். இதைப் போட்டுக்கொண்டு எழுநூறு மைல் போவாள். தன்னால்தான் போவாள். வெடித்த டயரோடு சாலையோரம் கவிழ்ந்து கிடந்த டிரெய்லர்களை அவர் எத்தனை பார்த்திருக்கிறார்! வியாழக்கிழமைக் காபிக்காக இவளைக் கொல்லவா பார்த்தோம் என்று தன்னையே காறித் துப்பிக்கொள்ளத் தோன்றியது.

"வெர்லா, இது வேணாம். நாளைக்கு நாம வழக்கமா போற ரமிரோ டயர் கடைக்குப் போவோம். நல்லதா நானே எடுத்துத் தரேன்."

திங்கட்கிழமை போனார்கள். டெல்பர்ட் டிரெய்லருக்கென்றே செய்த டயரைக் கேட்டார். டிரெய்லரின் எடைக்குத் தேவையானதைவிட ஒரு படி கூடுதலாகத் தாங்குகிற ரகம். ஸ்டெப்னியோடு அஞ்சு. கடைக்காரன் ரமிரோ உள்ளேயிருந்து உருட்டிக்கொண்டு வந்தான்.

"இந்தாங்க பெரியவரே. நவம்பர்ல நீங்க பாத்துட்டு வேணாம்னீங்களே, அதே அஞ்சுதான். அப்பவே எடுத்திருக்கலாம். இதைவிட நல்லது இந்தப் பக்கம் எங்க தேடினாலும் கெடைக்காது."

டெல்பர்ட் திருதிருவென்று விழித்தார். காது மடலெல்லாம் சூடாகிவிட்டது. வெர்லா பக்கத்தில்தான் நின்றாள். குனிந்து நம்பரை விரலால் தடவினாள். 3123.

"முப்பத்தோராவது வாரம், போன வருஷம்," என்றாள். "நல்லாருக்கு. போடுங்க."

அன்றைக்குக் காபி குடிக்கவில்லை. டயரை ஏற்றிக்கொண்டு நேராக வீட்டுக்குத் திரும்பினார்கள். இனி இந்தப் பெண்ணிடம் டயர் விஷயத்தில் ஒரு சின்னப் பொய்யும் சொல்வதில்லை என்று டெல்பர்ட் ஸ்டியரிங்கைப் பிடித்த கையோடு சத்தியம் செய்துகொண்டார். எழுபத்தோரு வயதில் மனுஷனுக்கு வந்த ஞானம், வந்ததுதான் வந்தது, வேளை பார்த்து வந்திருக்கக் கூடாதா!

டிரெய்லரை முட்டுக் கொடுத்துத் தூக்கி அவரே மாட்டினார். நாலு சக்கரம், சக்கரத்துக்கு ஆறு நட்டு. முறுக்கு அளவு காட்டும் பெரிய ஸ்பேனரால் ஒவ்வொன்றாக முறுக்கினார். அளவு வந்ததும் 'டக்' என்று சத்தம் வரும். இருபத்து நாலு டக். வெர்லா படியில் உட்கார்ந்து எண்ணினாள்.

"புது சக்கரம் மாட்டினா ஐம்பது மைல் ஓடினதும் நட்டை ஒரு தடவை திரும்ப முறுக்கிப் பாக்கணும்," என்றார். "தளர்ந்திருந்தா சக்கரமே கழண்டுடும்."

"அந்த ஸ்பேனரை எனக்குத் தூக்கவே முடியாதே."

"நான் பின்னாடியே வரேன். ஐம்பது மைல்தானே."

"அப்ப வியாழக்கிழமை கிளம்பறேன்," என்றாள் வெர்லா. "அன்னிக்கு உங்களுக்கு வேற ஜோலி இருக்காதில்ல?"

வியாழக்கிழமை காலை பார்க்கே வந்து கையசைத்தது. ராய்ஸ் நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றான். அது நடக்காத அதிசயம். "பாத்துப் போ வெர்லா. ஏய் டெல்பர்ட், அப்படியே ஐடஹோ வரைக்கும் போயிடாதே, உன் ரேடியோவை நான் எடுத்துக்குவேன்!" என்று கத்தினான். டெல்பர்ட் முறைத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

ஊரைத் தாண்டி வடக்கே, ஆற்றோரமாகப் போகிற சாலை. அம்பத்தைந்து மைல் வேகத்துக்கு மேல் போகாதீர்கள் என்று அவர் சொல்லியிருந்தார். அவளும் ஊசி முள் அசையாமல் போனாள். பின்னாலிருந்து டெல்பர்ட் நாலு சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். ஆட்டமில்லை, கோணலில்லை. கொஞ்சமாவது ஆடாதா என்று ஒரு நொடி நினைத்துவிட்டு, நினைத்ததற்காக வெட்கப்பட்டார்.

ஐம்பத்தோராவது மைலில் ஒரு பெட்ரோல் பங்க். வெர்லா ஓரமாக நிறுத்தினாள். டெல்பர்ட் ஸ்பேனரோடு இறங்கினார். டக், டக், டக். ஒன்றுகூட நகரவில்லை. வெர்லா கடையில் இரண்டு காபி வாங்கிவந்து ஒன்றை அவர் பக்கத்தில் தரையில் வைத்தாள்.

"நவம்பர்லயே நான் நம்பரைப் படிச்சேன் டெல்பர்ட்," என்றாள்.

அவர் கை நின்றது. "படிச்சீங்களா?"

"நீங்கதானே கத்துக்குடுத்தீங்க. புது டயர்னு தெரியும்."

"அப்ப ஏன் ஒண்ணும் சொல்லல?"

"நீங்களும்தான் சொல்லல."

டெல்பர்ட் தலையைக் குனிந்துகொண்டு கடைசிச் சக்கரத்தை முறுக்கினார். "தப்புதான் வெர்லா. அப்படிப் பண்ணியிருக்கக் கூடாது. இனிமே டயர்ல உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன்."

இருபத்து நாலாவது டக். அவர் எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டார்.

வெர்லா காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "இனிமே எப்பப் பாக்கணும் இதை?"

"பாக்கவே வேணாம். போதும்."

"இன்னொரு ஐம்பது மைல் போய்ப் பாக்க வேணாமா?"

"தேவையில்ல."

"நெவாடாவில ஏத்தம் வருதே. சூடு ஏறி நட்டு தளராதா?"

"தளராது வெர்லா. கேரன்ட்டி. ஐடஹோ வரைக்கும் கண்ணை மூடிக்கிட்டுப் போலாம். என் உதவியே தேவைப்படாது."

"நிச்சயமா?"

"சத்தியமா."

"சரி அப்ப," என்றாள் வெர்லா. காபியில் பாதி இருந்தது, குப்பையில் கொட்டினாள். அவர் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு தன் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். டிரெய்லர் சாலையில் ஏறி, ஆடாமல் அசையாமல், நேராகப் போயிற்று.

டெல்பர்ட் நிமிர்ந்த நெஞ்சோடு பார்த்துக்கொண்டு நின்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு யோக்கியமாக நடந்துகொண்ட திருப்தி. ஸ்பேனரைத் துடைத்தார், பெட்டியில் வைத்தார். ஆறிப்போன காபியைக் குனிந்து எடுத்தபோதுதான் மண்டையில் உறைத்தது. திரும்பத் திரும்பக் கேட்டாளே! டயரைப் பற்றித் தெரியாதவளா கேட்டாள்? நம்பரைப் படிக்கத் தெரிந்தவள், பொய்யென்று தெரிந்தும் நவம்பரில் வாயை மூடிக்கொண்டு காபி குடிக்க வந்தவள். "ஆமா, இன்னொரு தடவை பாக்கணும்," என்று ஒரே ஒரு பொய். அதுதானே அவள் கேட்டது. ஊரே காறித் துப்புகிற பொய்யையெல்லாம் இரண்டு வருஷமாகச் சொன்ன வாய், கேட்டவள் நிற்கும்போது உத்தமனாகிவிட்டதே. அட மடையா, மடையா என்று பெட்ரோல் போட வந்தவன் திரும்பிப் பார்க்கும்படி வாய்விட்டே சொல்லிக்கொண்டார்.

துரத்திப் போகலாம். அம்பத்தைந்துக்கு மேல் அவள் போக மாட்டாள், அவர்தான் சொல்லிவைத்திருக்கிறாரே. கால் மணி நேரத்தில் பிடித்துவிடலாம். பிடித்து என்ன சொல்வது? சத்தியம் பண்ணினது பொய், நட்டு தளரும் என்றா? சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் பிக்கப்பில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அதற்குள் அவள் பிடிக்க முடியாத தூரம் போயிருப்பாள் என்று உறுதியான பிறகு வண்டியைத் தெற்கே திருப்பினார்.

ஊர் முனைக்கு வந்ததும் கை தன் பழக்கத்தில் சாப்பாட்டுக் கடைப் பக்கம் ஸ்டியரிங்கை ஒடித்தது. நிறுத்தி, இறங்கி, சுற்றிவந்து, மறுபக்கக் கதவைத் திறந்துவிட்டு நின்றார்.