எந்தக் கல் யாரிடம்

ராக்கம்மை கல்லைத் துணியில் சுற்றி ஆய்வகத்துக்குக் கொண்டுவந்திருந்தாள். பதினைந்து வருஷமாகப் பாறைகளை அறுத்து, தேய்த்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்தவள். ஒரு கல்லைத் தொட இப்படிப் பயந்ததே கிடையாது.

கல் வந்த கதை இதுதான். அவள் புருஷன் கரியமாணிக்கத்துக்கு அல்ஜீரியப் பாலைவனத்தில் எண்ணெய்க் கிணற்று வேலை. அங்கே ஜீப் ஓட்டுகிறவன் உள்ளங்கை அளவில் இரண்டு கறுப்புக் கற்களைக் கொடுத்தான். செவ்வாயிலிருந்து விழுந்ததாகக்கூட இருக்கும் என்று மனுஷனுக்கு ஒரே குஷி. லீவில் சைகோன் வீட்டுக்கு வந்தபோது ஒன்றை மகள் வெள்ளையம்மையிடம் கொடுத்துவிட்டு, மற்றதைத் தன்னோடு எடுத்துப் போனார்.

ராக்கம்மை அன்றைக்கே அதை ஆய்வகத்துக்குத் தூக்கி வந்திருக்க வேண்டாமா? பார்க்கலாம், பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டாள். பென் தான் சந்தைக்குப் பக்கத்து மாரியம்மன் கோயிலில் சனங்கள் கல் சுவரில் முகத்தை ஒட்டிக்கொண்டு வேண்டுதலைக் கல்லிடம் சொல்வார்கள். ஆறு வயசு வெள்ளையம்மை அதைப் பார்த்துவிட்டு, அந்தக் கறுப்புக் கல்லைக் கன்னத்தில் அழுத்தி, அப்பாவை நினைத்து, "அப்பச்சி சீக்கிரம் வரணும்" என்று சொல்லியபடியே தூங்கும். அப்பச்சியும் அப்படியே செய்யணுமாம். மகள் சொல்லைத் தட்டுவாரா? அங்கே அவரும் அதே கூத்து. எத்தனை மாசமாக!

இன்று காலை அவரிடமிருந்து போன் வந்தது.

"ராக்கு, ரெண்டு கல்லும் ஒரே எடத்துல கெடைச்சதில்லையாம். ஒண்ணு மணல்காட்டுல. இன்னொண்ணு, அந்தக் காலத்துல பிரெஞ்சுக்காரன் மலைக்குள்ள அணுகுண்டு வெடிக்க வச்சானே, பாறை உருகி வெளிய ஓடுச்சே, அந்த மலையடியில."

"எது எதுங்க?"

"கொடுத்தவனுக்கே தெரியல."

கதிர்வீச்சு அளக்கும் கருவி அவரிடம் இல்லை. கிணறு அளக்க வந்த குழு அதையும் எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தது.

கதிர் எண்ணும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் காரைக்கால்காரர் இக்னாஸ், கல்லை வாங்கி ஈயப் பெட்டிக்குள் வைத்து மூடினார். "எண்ணி முடிக்கட்டும் ஆச்சி. அதுவரைக்கும் மனச விட்டுடாதீங்க," என்றார். உட்கார்ந்திருக்க முடியுமா? அவள் உடைத்து வைத்திருந்த சில்லை மெல்லிசாகத் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள்.

உள்ளே கண்ணாடி.

அணுகுண்டு உருக்கிய பாறையிலும் கண்ணாடி இருக்கும். விண்கல் மோதிச் செவ்வாயிலிருந்து தெறித்த பாறையிலும் இருக்கும். 'மாரியாத்தா, என் பிள்ளை கல்லு செவ்வாய்க் கல்லா இருக்கணும், வேற ஒண்ணும் கேக்கமாட்டேன்.' கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். குமிழி இல்லை. குழம்பாக ஓடிய தடம் இல்லை. படிகங்கள் தங்கள் வடிவத்திலேயே கண்ணாடியாகியிருந்தன. உருகின கல் இல்லை இது, அடிபட்ட கல். சில்லை அடுத்த கருவியில் வைத்து இரும்பும் மாங்கனீசும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று பார்த்தாள். பூமிப் பாறைக்குப் பொருந்தவில்லை. செவ்வாய்க்குக் கச்சிதமாகப் பொருந்தியது.

"ஆச்சி!" இக்னாஸ் ஓடிவந்தார். "குண்டோட சுவடே இல்ல! பிள்ளைக்கு ஒண்ணுமில்ல!"

ராக்கம்மை சிரித்தாள், அழுதாள், அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஷெர்கோட்டைட் வகை, செவ்வாயின் எரிமலைக் கல் என்று ஏதேதோ சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் கையை விட்டுவிட்டுப் போனைத் தேடினாள். இக்னாஸ் தலையைக் குனிந்துகொண்டார். பிள்ளையிடம் செவ்வாய்க் கல் என்றால், குண்டுக் கல் புருஷனிடம். அதைத்தானே இவ்வளவு நேரம் வேண்டிக்கொண்டிருந்தாள்!

முதல் மணியிலேயே கரியமாணிக்கம் எடுத்துவிட்டார்.

"பிள்ளை கல்லு?"

"சுத்தங்க. செவ்வாய்."

"அப்பாடா!" வாய்விட்டுச் சிரித்தார். "ஆத்தா காப்பாத்திட்டா. எனக்கு அது போதும். நீ எதுக்கு அழுவுற?"

"உங்க கல்லு எங்கங்க?"

"காலையிலயே கொண்டுபோய் தூரமாப் புதைச்சிட்டேன்." பிறகு மெதுவாகக் கேட்டார்: "ராக்கு, கன்னத்துல ஒரு புண்ணு. வெயில் கொப்புளம்னு மஞ்சள் பத்துப் போட்டுக்கிட்டிருக்கேன். ஆறவே மாட்டேங்குது. அது வெயில்தானே?"